மைக்ரோவேவா, ஆயில் பாத்தா: தங்க நானோ துகளுக்கு எந்த வழி?

குடியாத்தம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் எடுக்கும் பெண் ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். ஒரு காலத்தில் காட்பாடியில் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள், தங்கை மாதிரி. "அக்கா, துறைக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கு. மைக்ரோவேவ்ல சூடாகுற மைக்ரோஃபுளூயிடிக் சாதனம் ஒண்ணு செஞ்சு, அதுல தங்க நானோ துகள் எடுக்கலாம்னு இருக்கேன். சரியா வருமா?" என்று கேட்டாள். மைக்ரோஃபுளூயிடிக் என்றால், முடிபோல மெல்லிய ஓடையிலோ குழாயிலோ திரவத்தை ஓடவிட்டு வேலை வாங்குவது.

எதற்கு என்று கேட்டேன். பாலாற்றுப் படுகைக் கிணற்று நீரில் குரோமியம் இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் ஒரு கரைசலை எம்.எஸ்சி. பிள்ளைகளை வைத்துச் செய்யப் போகிறாளாம். ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே தோல் பதனிடும் தொழிலும் அதன் குரோமியமும் நினைவுக்கு வரும். வேலை நல்ல வேலை. சரியாகச் செய்தால் ஊருக்கு உதவும். அதனால்தான் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதினேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய குழாயும், சிரிஞ்சை ஒரே வேகத்தில் மெதுவாக அழுத்தும் சிரிஞ்ச் பம்பும் வாங்கு, குழாயை ஆயில் பாத்தில், அதாவது சூடான எண்ணெய்த் தொட்டியில், மூழ்க வை. மைக்ரோவேவை, எந்தக் கரைசல் எவ்வளவு என்று விகிதம் பார்க்கும் சோதனைகளுக்குத் தனியாக வைத்துக்கொள். இரண்டையும் சேர்ப்பது இப்போதைக்கு வேண்டாம். இரண்டும் சேர்ந்த சாதனம் மட்டம் என்பதால் இதைச் சொல்லவில்லை. மைக்ரோவேவும் மெல்லிய குழாயும் பெரும்பாலும் ஒரே சிக்கலைத்தான் தீர்க்கின்றன. ஒன்று தீர்த்துவிட்ட பிறகு மற்றதற்கு அங்கே மிச்சமிருக்கும் வேலை குறைவு.

அந்தச் சிக்கல் என்ன என்று பார்த்துவிடுவோம். தங்கத் துகள் 15 நானோமீட்டர் அளவில் இருந்தால் 520 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை உறிஞ்சும், கண்ணுக்கு ஒயின் சிவப்பாகத் தெரியும். 50 நானோமீட்டருக்கு வளர்ந்தால் உறிஞ்சும் இடம் 530ஐத் தாண்டும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சிவப்பு போய் ஊதாவும் நீலமும் வரும். இந்த நிறமாற்றத்தைத்தான் அவள் சோதனைக்குப் பயன்படுத்தப் போகிறாள். ஆக, திங்கட்கிழமை செய்த கரைசலும் வியாழக்கிழமை செய்த கரைசலும் ஒரே சிவப்பில் இருக்க வேண்டும். ஆரம்பச் சிவப்பே நாளுக்கு நாள் மாறினால், கிணற்று நீர் மாற்றியதா, நம் கைப்பிசகு மாற்றியதா என்று எப்படிச் சொல்வது?

ஒரே அளவு வர என்ன வேண்டும்? தாளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு கடுகைப் போட்டால் மொத்தமும் ஒரே மூச்சில் பொரிந்து அடங்கும். காயாத எண்ணெயில் போட்டால் இப்போது ஒன்று, அப்புறம் ஒன்று என்று வெடித்துக்கொண்டே இருக்கும். கடைசிக் கடுகு பொரிவதற்குள் முதல் கடுகு கருகியிருக்கும். நானோ துகளும் கிட்டத்தட்ட இப்படித்தான். கருக்கள், அதாவது துகள் வளரத் தொடங்கும் நுண்ணிய விதைகள், எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்து, அதன்பின் புதிதாக எதுவும் பிறக்காமல் இருந்தால், எல்லாம் ஒன்றாக வளர்ந்து ஒரே அளவில் நிற்கும். 1950ல் லாமரும் டைனகரும் கந்தகக் கூழ்மத்தை வைத்து விளக்கியது இதைத்தான். சிட்ரேட் உப்பைச் சேர்த்துத் தங்கத் துகள் எடுக்கும் முறையில் உள்ளே நடப்பது இதைவிடச் சிக்கலானது. என்றாலும் கரைசல் முழுவதும் ஒரே சமயத்தில், ஒரே அளவு சூடாக வேண்டும் என்பது அங்கேயும் பொருந்தும்.

முதல் வழி, எல்லோருக்கும் தெரிந்த குடுவை. 1951ல் டர்கெவிச் குழுவினர் வகுத்த முறை. ஹாட் பிளேட்டில் தங்கக் குளோரைடு கரைசலைக் கொதிக்கவிட்டு, காந்தக் கலக்கி சுழலும்போது சிட்ரேட் கரைசலை ஊற்ற வேண்டும். மஞ்சள் மறைந்து ஒரு கணம் நிறமே இல்லாமல் போகும். அப்புறம் மை கரைத்தது போல நீலச் சாம்பல், பிறகு ஊதா, கடைசியில் சிவப்பு. முதன்முறை பார்க்கும் மாணவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எத்தனை பம்பு வாங்கினாலும் இந்தக் குடுவைச் சோதனையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடக்கூடாது. 1973ல் ஃப்ரென்ஸ், சிட்ரேட் விகிதத்தை மாற்றினால் துகளின் அளவும் மாறும் என்று காட்டினார். செலவும் குறைவு. குடுவை 50 மில்லியாக இருக்கும்வரை கை பழகியவர் நல்ல துகளே எடுக்கலாம்.

சிக்கல் அந்தக் 'கை பழகியவர்' என்பதில்தான் இருக்கிறது. ஒருவர் சிட்ரேட்டை ஒரே வீச்சில் ஊற்றுவார், இன்னொருவர் நிதானமாக ஊற்றுவார். கலக்கியின் வேகத்தை ஒருவர் கூட்டி வைப்பார், ஒருவர் குறைப்பார். அளவை அரை லிட்டராக்கினால் அடியில் ஒரு சூடு, மேலே ஒரு சூடு. பால் காய்ச்சும்போது மேலே இன்னும் பொங்காமல் இருக்க அடியில் பிடித்துவிடுகிறதே, அந்தக் கதைதான். ஒரே குறிப்பேட்டைப் பார்த்து மூன்று மாணவர்கள் செய்த மூன்று குப்பிகள் மூன்று சிவப்பில் என் மேசையில் இருந்திருக்கின்றன.

எந்த வழியைப் பிடித்தாலும் தண்ணீரை முதலில் கவனிக்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். கழுநீர் மாதிரி வெளுத்துவிடும். அது குளோரைடு. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பும் இந்தப் படுகையில் நிலத்தடி நீருக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. உப்பு கலந்தால் தங்கத் துகள்கள் ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும். இருமுறை வடித்த நீரில்தான் எல்லாம் செய்ய வேண்டும். குடுவையைக் கடைசியாக அலசுவதும் அந்த நீரில்தான். குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவைத்த குடுவையில் செய்து, கரைசல் ஊதாவிலேயே நின்றுபோனதால் ஒரு வாரம் வீணான அனுபவம் எனக்கு உண்டு.

இரண்டாவது வழி, குடுவையை மைக்ரோவேவில் வைப்பது. 1986ல் கனடாவில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் வீட்டு அடுப்பிலேயே கரிம வினைகளைச் செய்து காட்டியதிலிருந்து இது ஆய்வகங்களில் பரவியது. மைக்ரோவேவில் வெப்பம் சுவர் வழியாக உள்ளே நுழைவதில்லை. நீர் மூலக்கூறுகள் மின்புலத்தோடு சேர்ந்து திரும்ப முயன்று, அந்த இழுபறியில் கரைசல் உள்ளிருந்தே சூடாகிறது. எந்தத் திரவம் எவ்வளவு எளிதாகச் சூடாகும் என்பதற்கு ஒரு எண் உண்டு, இழப்புக் காரணி என்பார்கள். 2.45 கிகாஹெர்ட்ஸில், அறை வெப்பநிலையில், எத்திலீன் கிளைகாலுக்கு அது 1.35. தண்ணீருக்கு 0.123. டொலுவீனுக்கு 0.04. எத்திலீன் கிளைகால் இவ்வளவு ஆவலாக நுண்ணலையை, அதாவது மைக்ரோவேவ் அலையை, இழுத்துக்கொள்வதால்தான், அதில் செய்யும் வெள்ளித் துகள்களுக்கு மைக்ரோவேவ் அவ்வளவு பொருத்தமாக அமைகிறது.

50 மில்லி தங்கக் கரைசலைச் சிட்ரேட்டோடு குளிர்ந்த நிலையிலேயே கலந்து உள்ளே வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் கொதிநிலையை எட்டும். ஹாட் பிளேட்டில் அதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஒரு மதியத்தில் பத்துப் பதினைந்து விகிதங்களைச் சோதித்துவிடலாம். எந்த விகிதத்தில் நல்ல சிவப்பு வருகிறது என்று தேடும் கட்டத்துக்கு இதைப் போல் கைகொடுப்பது வேறில்லை.

ஆனால் வீட்டு அடுப்பைப் பற்றிச் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். உள்ளே அலைகள் மோதித் திரும்பி, சுமார் 6 சென்டிமீட்டருக்கு ஒரு சூடான இடமும் நடுவில் சூடே இல்லாத இடமும் உண்டாகும். தட்டு சுழல்வது இதைச் சமன் செய்யத்தான். அடுத்தது, 'லோ' என்று திருப்பினால் பெரும்பாலான அடுப்புகளில் சக்தி குறைவதில்லை. சில வினாடி முழுச் சக்தியில் ஓடும், சில வினாடி நிற்கும். இன்வெர்ட்டர் வகை மட்டும் இதற்கு விலக்கு. இந்த ஓடி நிற்கும் பழக்கத்தை மனதில் வையுங்கள், கீழே மறுபடி வரும். மூன்றாவது, வழுவழுப்பான கண்ணாடியில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்துவிட்டு, கதவைத் திறந்து குடுவையைத் தொட்டதும் மொத்தமாகப் பொங்கிச் சீறும். நான் முதலில் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் ஒரு மாணவியின் புறங்கை அப்படித்தான் வெந்தது. உள்ளே ஒரு கண்ணாடிக் குச்சியைப் போட்டு வைத்துவிட்டு, அடுப்பு நின்ற பின் ஒரு நிமிடம் பொறுத்துத் திறந்திருந்தால் நடந்திருக்காது. அப்புறம், ஆய்வகத்துக்கு வந்த அடுப்பில் இனி ஒருபோதும் சோறு சூடு பண்ணக்கூடாது. கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அளவைப் பெரிதாக்கினால் இதற்கும் மூச்சு வாங்கும். அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீருக்குள் நுண்ணலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வலுவோடு இறங்கும். பெரிய பீக்கரின் நடுப்பகுதியை அது சரியாகத் தொடுவதே இல்லை.

மூன்றாவது வழியில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். 0.8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டெஃப்லான் குழாய் 6 மீட்டர். அதை ஒரு கண்ணாடிக் குவளையில் சுருளாகச் சுற்றி, 95 டிகிரி சிலிகோன் எண்ணெயில் மூழ்க வைக்கிறோம். ஒரு முனையில் சிரிஞ்ச் பம்ப், மறுமுனையில் குப்பி. குழாய் முழுவதும் சேர்த்து 3 மில்லிதான் கொள்ளும். நிமிடத்துக்கு 0.3 மில்லி தள்ளினால் ஒவ்வொரு சொட்டும் சராசரியாகப் பத்து நிமிடம் சூட்டில் இருந்து வெளியே வரும். நேரம் குறைய வேண்டுமா, பம்பின் வேகத்தைக் கூட்டு. கூட வேண்டுமா, குழாயை நீட்டு.

இதில் சொட்டு சூடாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.4 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீருக்குள் வெப்பம் நடுவரை போய்ச் சேர ஒரு வினாடி போதும். டெஃப்லான் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது என்பதால் அதன் சுவரையும் சேர்த்தால் நாலைந்து வினாடி. பத்து நிமிடப் பயணத்தில் நாலைந்து வினாடி! 'மைக்ரோவேவ் வேகமாகச் சூடாக்குகிறது' என்பதுதான் அதன் பெரிய பலம் என்றால், குழாயை மெலிதாக்கிய உடனேயே அந்தப் பலத்தின் பெரும்பகுதி சாதாரண ஆயில் பாத்துக்கே வந்துவிட்டது. என் முடிவு நிற்பது இந்த ஒரு கணக்கின் மேல்தான்.

இந்த வழியிலும் தொல்லைகள் உண்டு, ஒவ்வொன்றையும் தெரிந்துதான் வாங்க வேண்டும்.

முதல் தொல்லை கலப்பது. இவ்வளவு மெல்லிய குழாயில், இந்த வேகத்தில், ஓட்டம் அமைதியாகப் போகுமா, கலங்குமா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் பத்துக்குள்தான் இருக்கும். கலங்கி ஓட அது 2000ஐத் தாண்ட வேண்டும். ஆகவே இரண்டு கரைசல்களை ஒரு 'ஒய்' இணைப்பில் சேர்த்தால் அவை கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், விரவிக் கலக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். சில்லில், அதாவது சிறு தகட்டில், பொறித்த 0.05 மில்லிமீட்டர் அகல ஓடையில் இதே வேலை ஒரு வினாடியில் முடிந்துவிடும், அது வேறு விஷயம். ஆனால் தங்கமும் சிட்ரேட்டும் குளிரில் பெரிதாக வினை புரிவதில்லை. வெளியிலேயே கலந்து ஒரே சிரிஞ்சில் நிரப்பிவிடலாம், வினையைத் தொடங்கும் வேலையைச் சூடு பார்த்துக்கொள்ளும். சோடியம் போரோஹைட்ரைடு மாதிரித் தொட்டவுடன் வினை புரியும் பொருளாக இருந்தால் இந்தக் குழாய் ஒத்துவராது, சில்லுதான் வேண்டும்.

இரண்டாவது, குழாயின் நடுவில் ஓடும் நீர் சராசரியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், சுவரை ஒட்டியது ஊர்ந்து வரும். பத்து நிமிடம் என்றேனே, நடுவில் போனது ஐந்து நிமிடத்திலேயே வெளியே வந்துவிடும். சுவரோரம் போனது தங்கித் தங்கி வளரும். ஆக ஒரே அளவு வேண்டும் என்று வந்த இடத்திலேயே இரண்டு அளவு.

மூன்றாவது, அந்தச் சுவரோரத்திலேயே தங்கம் படியத் தொடங்கும். நாலைந்து மணி நேரம் ஓட்டினால் வெள்ளைக் குழாய் உள்ளே இளஞ்சிவப்பாகும், அப்புறம் ஊதாவாகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பித்தளை மாதிரி ஒரு மினுமினுப்பும் தெரியும். படிந்த தங்கத்தின் மேல் மேலும் தங்கம் படியும், குப்பிக்கு வர வேண்டியது வழியிலேயே நின்றுவிடும்.

இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து இருக்கிறது. தண்ணீரைத் தொடர்ச்சியாக ஓடவிடாமல், நடுவில் எண்ணெயை விட்டுத் துண்டு துண்டாக ஓட்ட வேண்டும். டெஃப்லானில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். எண்ணெய் சுவரில் மெல்லிய படலமாகப் பரவிக்கொள்ள, ஒவ்வொரு தண்ணீர்த் துண்டும் சுவரைத் தொடாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். எல்லாத் துண்டும் ஒரே நேரம்தான் உள்ளே இருக்கும். துண்டுக்குள்ளேயே நீர் சுழன்று கலந்தும்விடும். இதற்கு இன்னொரு சிரிஞ்ச் பம்பும் ஒரு 'டி' இணைப்பும் போதும். எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை விட்டுப் பார்க்காதீர்கள். 95 டிகிரியில் காற்றுக் குமிழிக்குள் நீராவியும் சேர்ந்து ஊதிப் பெருத்து, ஓட்டத்தையே தள்ளாட வைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் சூட்டில் குமிழியாக வெளியேறும் என்பதால், நீரை முன்கூட்டியே கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

சிரிஞ்சில் எஃகு ஊசி வேண்டவே வேண்டாம். நாங்கள் முதன்முதலில் ஓட்டியபோது மூன்று முறையும் வெளிறிய கரைசல்தான் வந்தது. பம்பைச் சந்தேகப்பட்டோம், சூட்டைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் ஊசியைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தபோது முனை கறுத்துச் சொரசொரவென்று இருந்தது. தங்கக் குளோரைடு எஃகை அரித்து, தங்கம் ஊசியிலேயே படிந்துபோயிருந்தது. கரைசல் குழாய்க்குள் நுழைவதற்கு முன்பே பாதித் தங்கம் போய்விட்டது. பிளாஸ்டிக் முனையும் டெஃப்லான் இணைப்பும் போட்ட அன்றே சிவப்பு வந்தது. குழாயைச் சுத்தம் செய்யத் தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான இராஜதிராவகம் இருக்கிறது, டெஃப்லான் அதைத் தாங்கும். புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

சரி, நான்காவது வழிக்கு வருவோம். அவள் ஆசைப்பட்டது இதைத்தான். அதே குழாயை மைக்ரோவேவுக்குள் வைத்தால் என்ன ஆகும்?

நிமிடத்துக்கு 0.3 மில்லி நீரை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக ஒன்றரை வாட்டுக்கும் குறைவான வெப்பம் போதும். வீட்டு அடுப்பு உள்ளே விடுவதோ 700 வாட். கிட்டத்தட்ட முழுவதும் மிச்சம். அது எங்கே போகும்? சுவர்களில் மோதித் திரும்பி, அலையை உண்டாக்கும் மேக்னெட்ரானுக்கே போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கும். தடுக்க, பக்கத்தில் ஒரு பீக்கர் தண்ணீரை வைத்து, மிச்ச அலையை அது உறிஞ்சிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். அந்தத் தண்ணீர் சூடாகச் சூடாக அது உறிஞ்சும் அளவு மாறும், குழாய்க்குக் கிடைக்கும் பங்கும் சேர்ந்து மாறும். நிதானமான சூடு வேண்டும் என்று வந்தவருக்கு இது நேர் எதிரான ஏற்பாடு.

முன்பு சொன்ன ஓடி நிற்கும் பழக்கம் இங்கேதான் பெரிய அடி கொடுக்கும். பத்து வினாடி ஓடி இருபது வினாடி நிற்கும் அடுப்பில் பத்து நிமிடம் இருக்கும் சொட்டு எப்படியோ சமாளித்துவிடும். மைக்ரோவேவின் வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நேரத்தை இருபது வினாடியாகக் குறைத்தீர்களானால், சில சொட்டுகள் சூட்டையே பார்க்காமல் வெளியே வந்துவிடும். குப்பியில் வெந்ததும் வேகாததும் கலந்து கிடக்கும்.

வெப்பநிலையை அளப்பதும் சிரமம். உலோகக் கம்பியாலான வெப்பமானியான தெர்மோகப்பிளை உள்ளே விட முடியாது. ஒளியிழை உணரி வேண்டும், விலை அதிகம். அகச்சிவப்பு மானி குழாயின் வெளித்தோலைத்தான் பார்க்கும். மைக்ரோவேவில் உள்ளே இருக்கும் திரவம் சுவரைவிடச் சூடாக இருக்கும் என்பதால் அது காட்டும் அளவை நம்ப முடியாது. இதற்கெல்லாம் மேலே, குழாயை உள்ளே கொண்டுபோக அடுப்பின் உடம்பில் துளை போட வேண்டும். சில மில்லிமீட்டர்த் துளை வழியாக அலை பெரிதாகக் கசியாது. ஆனால் அதன் வழியாக ஒரு உலோகக் கம்பியோ ஊசியோ போனால் அது ஆன்டெனா போல அலையை வெளியே கொண்டுவரும். அடுப்பின் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் அதன் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கும். கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகளை வைத்து இதைக் கழற்றுவதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். துளைகளோடும் ஒரே சீரான அலையோடும் தொழிற்சாலையிலிருந்தே வரும் ஆய்வக மைக்ரோவேவ்கள் இருக்கின்றன, அவற்றின் விலை லட்சங்களில் போகும்.

அப்படியென்றால் மைக்ரோவேவும் நுண் ஓடையும் சேர்வதில் பயனே இல்லையா? இருக்கிறது. 2009ல் ஹார்வர்டில் ஒரு குழு, அடுப்பையே விட்டுவிட்டு, ஓடை இருக்கும் சில்லிலேயே மின்முனைகளைப் பதித்து, எண்ணெயில் மிதந்து போகும் நீர்த்துளிகளை மட்டும் 3 கிகாஹெர்ட்ஸில் சூடாக்கியது. எண்ணெய் நுண்ணலையை உறிஞ்சவில்லை, துளி உறிஞ்சியது. துளியின் சூடு 15 மில்லிவினாடி கணக்கில் ஏறியது, ஏற்றம் 30 டிகிரி வரை போனது. ஆயில் பாத்தால் இதைச் செய்யவே முடியாது. சூட்டை ஒரு நொடிக்குள் ஏற்றி உடனே இறக்கி, கருக்களை மட்டும் பிறக்கவிட்டு அங்கேயே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றால் இதுதான் வழி. சுவர் திரவத்தைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் சுவரில் படிவதும் குறைய வாய்ப்புண்டு. அதற்குச் சில வாட் போதும், அடுப்பும் வேண்டாம். ஆனால் அலைமூலம், பெருக்கி, சில்லில் உலோகத் தடம் வரையும் வசதி எல்லாம் வேண்டும். வேதியியல் துறை தனியாகச் செய்யும் காரியம் இல்லை. வேலூரில் மின்னணுப் பொறியியலும் வேதியியலும் ஒரே வளாகத்தில் இருக்கும் கல்லூரிகள் உண்டு. அங்கே இரண்டு துறைகள் கை கோத்தால் முயலலாம், முயலவும் வேண்டும்.

மைக்ரோவேவுக்கே உரிய தனி மாயம் ஒன்று இருப்பதாகச் சிலர் நம்புவதால் இதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் காப்பே குழுவினர் 2009ல் சிலிக்கான் கார்பைடு குப்பிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். அந்தக் குப்பி நுண்ணலையைத் தானே வாங்கிச் சூடாகும், உள்ளே விடாது. கண்ணாடிக் குப்பியிலும் இதிலும் செய்த கரிம வினைகள் ஒரே மாதிரி வந்தன. வேலை செய்தது சூடுதான் என்று அதிலிருந்து தெரிந்தது.

சில்லு எதில் செய்வது என்றும் கேட்டாள். எல்லோரும் எடுப்பது பி.டி.எம்.எஸ். என்ற சிலிகோன் ரப்பர், மூலப்பொருள் பத்துக்கு இறுக்கும் பொருள் ஒன்று கலந்து 70 டிகிரியில் இறுகவைத்தால் ஒரு மாலையில் சில்லு தயார். ஆனால் அதன் வழியாக நீராவி கசிந்து வெளியேறும். 95 டிகிரியில் ஓடை காய்ந்து குமிழி அடைத்துக்கொள்ளும். டொலுவீன் பட்டால் ஊதிவிடும். இந்த வேலைக்கு டெஃப்லான் குழாயோ கண்ணாடியோதான்.

நம் ஊர் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாதாரண மைக்ரோவேவில் வோல்டேஜ் இறங்கினால் அலையின் சக்தியும் இறங்கும். காலையில் 40 வினாடியில் கொதித்தது மாலையில் கொதிக்காது. ஆயில் பாத்தில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதால் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் எண்ணெய் 95லேயே நிற்கும். கரண்ட் போனாலும் ஒரு லிட்டர் எண்ணெய் சட்டென்று ஆறாது. சிரிஞ்ச் பம்பைச் சின்ன யுபிஎஸ்ஸில் ஓட்டலாம், மைக்ரோவேவை ஓட்ட முடியாது. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது சிரிஞ்சில் காத்திருக்கும் கலவை மெதுவாக வினையைத் தொடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஏசி இல்லாத அறை என்றால் சிரிஞ்சைச் சுற்றி ஈரத்துணி போதும், ஒரே நேரத்தில் நிறைய நிரப்பிவைக்காமல் இருந்தால் போதும்.

எவ்வளவு கிடைக்கும்? நிமிடத்துக்கு 0.3 மில்லி என்றால் மணிக்கு 18 மில்லி, எட்டு மணி நேரத்தில் 144 மில்லி. ஒரு சோதனைக்கு ஒன்றிரண்டு மில்லி போதும் என்பதால் எழுபது கிணறுகளுக்காவது ஒரு நாள் ஓட்டமே போதும். லிட்டர் கணக்கில் வேண்டுமானால் குழாயைப் பெருக்கக்கூடாது, அதே மாதிரிக் குழாய்களை எண்ணிக்கையில் கூட்ட வேண்டும்.

அவள் இடத்தில் வேறொருவர் இருந்தால் என் பதில் மாறும். பிள்ளைகளுக்குக் காட்ட மட்டும் என்றால் குடுவையே போதும். எத்திலீன் கிளைகாலில் வெள்ளி செய்பவர், அதுவும் எந்த விகிதம் என்று தேடிக்கொண்டிருப்பவர் என்றால், இன்வெர்ட்டர் மைக்ரோவேவ் ஒன்று முதலில் வாங்கட்டும். கரு பிறக்கும் கணத்தையே ஆராயும் முனைவர் பட்ட மாணவர் என்றால் மின்முனை பதித்த சில்லுக்குப் போகட்டும், இரண்டு வருடத்தை ஒதுக்கிக்கொண்டு. தினமும் ஒரே சிவப்பு வேண்டும் என்பவருக்குத்தான் குழாயும் ஆயில் பாத்தும்.

"அப்போ மைக்ரோவேவ் வேணாமா அக்கா?" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக. விகிதம் தேட ஒன்று இருக்கட்டும் என்றேன். போன வாரம் இரண்டு சிரிஞ்ச் பம்பும் குழாயும் வந்து சேர்ந்தன. சுருள் சுற்ற அவளுடைய மாணவன் ஒருவன் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தானாம். முதலில் வரும் 6 மில்லியைத் தனியாகக் கழித்துவிடு, ஓட்டம் நிலைப்பதற்குள் வருவது அது, அதை அளவில் சேர்க்காதே என்று சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் அரைமணிக்கு ஒரு குப்பி எடுத்து, எல்லாவற்றையும் 520 பக்கத்தில் ஒளி உறிஞ்சலை அளக்கும் யூவி விசிபிள் கருவியில் பார்த்து அனுப்பச் சொன்னேன். நேற்று இரவு பத்துக் குப்பிகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் படம் அனுப்பினாள். ஏழாவது மட்டும் கொஞ்சம் ஊதாவாகத் தெரிகிறது. அந்த அரைமணியில் எண்ணெய்ச் சிரிஞ்ச் காலியாகி மாற்றினாளா என்று கேட்டிருக்கிறேன்.